சைனாடவுன் மேல் நின்ற பிறை

வாசல் மணியை அமுக்கிய விரல் அதை விட்டு எழும்பவே இல்லை. மணி கத்திக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் கண்ணயரத் தொடங்கியிருந்த ஆனந்தராசா, "ஆருக்கோ பெரிய அந்தரம். போய்த் திற பிள்ளை" என்றார்.

அபர்ணா அதற்குள் பாதி வழி போயிருந்தாள். பிறர் வீட்டுப் பிரச்சினை வாசலுக்கு வருகிறது என்றால் அவளுக்குக் கால் தரையில் நிற்காது. கோயம்புத்தூர்க்காரி. ஆக்லாந்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஆனந்தராசா கார் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து அவரை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போவது அவள்தான். அவளுடைய காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அவர் அதைக் கண்ட இடத்தில் எல்லாம் மிதிப்பார். அதற்காக அவர்கள் போடும் சண்டை தனிக் கதை.

ஆனந்தராசா வல்வெட்டித்துறையில் பிறந்தவர். சரக்குக் கப்பல்களில் வழி கணிக்கும் அதிகாரியாக உலகத்தைப் பலமுறை சுற்றியவர். பிறகு இங்கே ஒரு காப்புறுதிக் கம்பெனிக்காகப் பொய்களைத் துருவி எடுக்கும் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றும் ஓய்வு கிடைக்கவில்லை. போலீசிடம் போகக் கூச்சப்படும் தமிழர்கள் எல்லாரும் மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கும் அவர் வீட்டைத் தெரிந்து வைத்திருந்தார்கள்.

உள்ளே வந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். செல்போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். உட்காரச் சொன்னதைக்கூட அவர் கேட்கவில்லை. பின்னால் வந்த ஆள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சுவரோரமாக நின்றுகொண்டார்.

"சார், என் பேரு மீனாட்சி. சொந்த ஊரு மதுரை. மேற்கு ஆக்லாந்து, மாசிங்கிற இடத்துல இருந்து வர்றோம். இது என் தம்பி மதன்குமார். என் பொண்ணைக் காணோம் சார்."

"ஆறுதலா இருங்கோ அம்மா. எங்க வைச்சுக் காணேல்லை?"

"அமெரிக்காவில. சான் பிரான்சிஸ்கோ. இன்னைக்கு சாயங்காலமே பிளேன் ஏறுறேன். பெட்டி கார்லதான் இருக்கு. அஞ்சு மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கணும். அங்க போய் எந்தக் கதவைத் தட்டணும்னுகூட எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல உங்களாலதான் முடியும்னு கோயில்ல ஒருத்தர் சொன்னாங்க."

சுவர்க் கடிகாரம் இரண்டைத் தாண்டியிருந்தது. அபர்ணா அதைப் பார்த்தாள், ஆனந்தராசாவைப் பார்த்தாள். அவரோ மிக்ஸர் தட்டை விருந்தாளிகள் பக்கம் தள்ளிவிட்டு, நேரம் நிறைய இருப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மீனாட்சி சொன்னது இதுதான். மகள் ரஷ்மிக்கு இருபத்தைந்து வயது, ஐடி வேலை. போன வாரம் ஆபீஸ் பயிற்சிக்காக இரண்டு வாரம் சான் பிரான்சிஸ்கோ போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். மாமா மதன்குமார்தான் ஏர்போர்ட்டில் விட்டார். போனதிலிருந்து ஒருமுறைகூட முகம் காட்டிப் பேசவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்றாள். அதற்குப் பதிலாகக் குரலைப் பதிவு செய்து அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு போட்டோ வந்தது. அத்தோடு சரி. போன் அணைந்து கிடக்கிறது. சொன்ன ஹோட்டலைக் கூப்பிட்டால், அப்படி ஒருவர் தங்கவே இல்லை என்கிறார்கள். போலீஸ் விவரத்தை எழுதிக்கொண்டு, காத்திருக்கச் சொல்லிவிட்டது.

"அவ ஜாக்கெட் அலமாரியிலேயே தொங்குது சார். அங்க குளிர்காலம். நேத்துதான் பார்த்தேன். பார்த்ததுல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"ஜாக்கெட் இல்லாம யாராவது குளிருக்குப் போவாங்களா?" அபர்ணா துள்ளினாள். "அங்கிள், கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போயிருக்காங்க!"

மீனாட்சியின் முகம் வெளுத்தது. ஆனந்தராசா அபர்ணாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடிய வாய் ஐந்து நிமிடம் தாங்கும்.

"வேற என்ன கொண்டு போனவ?" என்று கேட்டார் அவர்.

"வழக்கமான துணிமணிதான். அப்புறம்..." மீனாட்சி யோசித்தார். "சமையல்கட்டுல நொய் அரிசி ஒரு பொட்டலமும், உப்பு நார்த்தங்காய் ஒரு பாட்டிலும் குறையுது. அவளுக்கு நார்த்தங்காய் வாசனையே ஆகாது. மூக்கைப் பொத்திட்டு ஓடுவா."

"அப்ப உங்கட வீட்டில அதை ஆர் சாப்பிடுறது?"

"யாரும் தொடுறதில்லை."

"ஆரும் தொடாததை ஏன் போடுறனீங்கள்?"

மீனாட்சி துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டார். "பழக்கம் சார். வருஷா வருஷம் கை தானா போட்டுடுது."

"கணவர்?"

அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்திருந்தும் அது அவரைத் தைத்தது. "வேலை விஷயமா ஒரு வாரம் பிரிஸ்பேன் போயிட்டு வர்றேன்னு பெட்டியைத் தூக்கிட்டுப் போனார். ஆறு வருஷமாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு மெசேஜ் வந்துச்சு, இனிமே வரல, மன்னிச்சுக்கோன்னு. அவ்வளவுதான். அதனாலதான் சார் எனக்கு இந்தப் பயம். எங்க வீட்டுல பெட்டியோட கிளம்பினவங்க திரும்பி வந்தது கிடையாது."

சுவரோரம் நின்ற மதன்குமாரின் சட்டைப் பையில் போன் நடுங்கியது. "ஆபீஸ்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன ஆபீஸ் என்று அபர்ணாவின் கண்கள் அவர் முதுகைத் தொடர்ந்தன.

"பிள்ளையின்ர குரலைக் கேப்பம்" என்றார் ஆனந்தராசா.

பிப்ரவரி வெயிலுக்கு வீட்டு முற்றத்து மரத்தில் சில்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அபர்ணா போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். மீனாட்சி போனை மேசையில் வைத்துத் தட்டினார்.

"அம்மா, இன்னைக்கு சைனாடவுன் போனேன். வாசல்ல பச்சை ஓடு போட்ட வளைவு, ரெண்டு பக்கமும் கல் சிங்கம். ஒண்ணு காலுக்கடியில உருண்டை வச்சிருக்கு, இன்னொண்ணு குட்டியை வச்சிருக்கு. உள்ள போனா செங்குத்தா ஒரு தெரு. மேல ஏறித் திரும்பிப் பார்த்தா கடல் தெரியும். ஒரு சந்துல பிஸ்கட் சுடுற வாசனை, சூடா இருக்கும்போதே மடிச்சு உள்ள ஜோசியச் சீட்டு வைப்பாங்க. மருந்துக் கடையில சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டிராயர். பூங்காவில வயசானவங்க கூட்டமா உட்கார்ந்து காய் நகர்த்துறாங்க, தோத்தவர்தான் சத்தமா சிரிக்கிறார். மூலையில ஒரு போன் கார்டு கடை. ஞாயித்துக்கிழமைன்னா அதுல பெரிய கியூ. எல்லாரும் வீட்டுக்குப் பேசணுமில்ல? பின்னாடி ஒரு சத்தம் கேக்குதா? சட்டியில நூடுல்ஸ் வறுக்குறாங்க. வச்சிடறேம்மா."

பதிவு முழுக்க அந்தப் பெண்ணின் குரலுக்குப் பின்னால் எண்ணெய் பொரிவது போல ஓர் இரைச்சல் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அபர்ணா எழுந்து போய் ஜன்னலின் கொக்கியைச் சரிபார்த்துவிட்டு வந்தாள். சரியாகத்தான் சாத்தியிருந்தது.

"நல்லாத் தமிழ் கதைக்கிறா" என்றார் ஆனந்தராசா.

"அதுதான் சார்! கைக்குழந்தையா வந்தவ. ஒரு வரி தமிழ் பேசச் சொன்னா மூக்கால அழுவா. இதுல ஒரு இங்கிலீஷ் வார்த்தையைக் காணோம். யாரோ எழுதிக் கொடுத்து வாசிக்க வைக்கிறாங்களோன்னு பயமா இருக்கு. நேத்து ராத்திரி முழுக்க இதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஏன்னு சொல்லத் தெரியல. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஆனா அந்தச் சிங்கமும் சந்தும் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

ஆனந்தராசா போனைத் தன் பக்கம் இழுத்தார். "போட்டோ?" என்றார்.

கறுத்துக்கொண்டு வரும் அந்தி வானம். கூரையோரத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சிவப்புக் காகித விளக்குகள். அவற்றில் தங்க நிறச் சீன எழுத்துகள். விளக்குகளுக்கு மேலே மெல்லிய பிறை. படத்தின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு போல ஜன்னல் விளிம்பு.

"நான்தான் சார் பிறை பார்க்கச் சொன்னேன். அமாவாசை கழிஞ்சு மூணாம் நாள் பிறை பார்க்காம நான் விட்டதில்லை. அது தீர்க்காயுசுக்கு. வியாழக்கிழமை நான் மாசியில எங்க வீட்டு டெக்கில நின்னு பார்த்தேன். நீயும் பாரு, பார்த்துட்டு படம் அனுப்புன்னு இவளுக்கு மெசேஜ் போட்டேன். சீனப் புத்தாண்டும் அதே அமாவாசைக்குத்தானே, தெருவெல்லாம் விளக்கு போட்டிருக்காங்கன்னு அனுப்பினா." மீனாட்சி திரையை விரலால் தடவினார். "இந்த ஒரு படம்தான் எனக்கு ஆறுதல். நான் எப்படிப் பார்த்தேனோ அச்சு அசல் அப்படியே இருக்கு. எங்க இருந்தா என்ன, ஒரே நிலாதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்."

அபர்ணா விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "படம் வந்தது வெள்ளி மத்தியானம். அப்ப அங்க வியாழன் சாயங்காலம். நேரம் கச்சிதமா பொருந்துது அங்கிள். வியாழக்கிழமை வரைக்கும் அவங்க அங்க பத்திரமாத்தான் இருந்திருக்காங்க."

ஆனந்தராசா படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு அந்தப் படத்தை அபர்ணாவின் போனுக்கு அனுப்பச் சொன்னார்.

"பிள்ளை, டொமினியன் ரோட்டில நாங்கள் சாப்பிடுற நூடுல்ஸ் கடை இருக்கல்லே. அங்க அந்த அம்மாட்ட இதைக் காட்டு. விளக்கில இருக்கிற எழுத்து நேராத் தெரியுதா, கண்ணாடியில பார்க்கிற மாதிரித் திரும்பித் தெரியுதா? அது போதும். என்ன எழுதியிருக்கு எண்டும் கேட்டுக்கொண்டு வா. போகேக்க வாசல்ல அந்தத் தம்பியின்ர செருப்பையும் ஒருக்காப் பார்."

அபர்ணா பறந்தாள்.

மீனாட்சி நிமிடத்துக்கு ஒருமுறை மகளின் எண்ணை அழுத்தினார். அழுத்துவதும், போன் அணைக்கப்பட்டிருக்கிறது என்ற குரல் வருவதும், மறுபடி அழுத்துவதுமாக இருந்தார். மதன்குமார் திரும்பி வந்து, "அக்கா, டிக்கெட்டை நாளைக்கு மாத்திக்கலாம்" என்றார். "உனக்கென்ன, உன் பொண்ணா?" என்று மீனாட்சி சீறினார். தம்பியின் முகம் சுருங்கிப்போனது.

அபர்ணா மூச்சிரைக்க வந்து நின்றாள். "எழுத்து நேராத்தான் இருக்கு. படம் திரும்பல. அந்த அம்மா சிரிச்சாங்க. போறவங்க பத்திரமா போய் பத்திரமா வரணும்னு அர்த்தமாம். புத்தாண்டுக்கு வீட்டு வாசல்ல மாட்டுவாங்களாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "செருப்புல கரி மாதிரி கறுப்பு மண். மாசிப் பக்கம் மஞ்சக் களிமண்தான், என் கார் மிதியடியைக் கேட்டா சொல்லும். இந்தக் கறுப்புச் சேறு தெற்கு ஆக்லாந்துல, தகனினியில ஒட்டுறது. புது வீடுங்க கட்டுற இடத்துல. நடைபாதை இன்னும் போடல. நேத்து மழை வேற."

மதன்குமார் தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார்.

ஆனந்தராசா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். சில்வண்டுகளின் இரைச்சல் அறைக்குள் கொட்டியது. மேசையில் இருந்த போனில் ரஷ்மியின் குரலை மறுபடி ஓடவிட்டார். உள்ளே இரைந்ததும் வெளியே இரைந்ததும் ஒன்றாகக் கலந்தன. எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்க முடியவில்லை.

அபர்ணாவின் வாய் திறந்தது. "நூடுல்ஸ் சட்டி இல்ல..."

"இல்லை. சான் பிரான்சிஸ்கோவில இப்ப குளிர்காலம். அங்க இந்த மாசம் சில்வண்டு கத்தாது. ஜாக்கெட் வீட்டில கிடக்கிறதுக்கும் காரணம் அதுதான். அது தேவைப்படாத இடத்துக்குத்தான் பிள்ளை போயிருக்கிறா."

மீனாட்சிக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே அவரை நாற்காலியின் விளிம்புக்குக் கொண்டுவந்தது. "ஆனா பிறை? விளக்கு?"

ஆனந்தராசா மிக்ஸர் தட்டிலிருந்து ஒரு முந்திரிப் பருப்பைத் தேடி எடுத்து, வெள்ளைச் சாசரில் வைத்தார். "அம்மா, மதுரையில நீங்கள் பார்த்த பிறை எப்பிடி இருக்கும்?"

"சிவன் தலையில இருக்குற மாதிரி. படகு மாதிரி."

"ஓம். மல்லாக்கப் படுத்திருக்கும்." பருப்பின் முதுகு கீழே வரும்படி வைத்தார். "வடக்க போகப் போக அது வலப்பக்கம் சரியும். சான் பிரான்சிஸ்கோவில இந்த மாசம் ஓரளவு படுத்து, வலப்பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சுதான் தெரியும். தெற்க வந்தா எல்லாம் மறுபக்கம்." பருப்பைத் திருப்பி நிமிர்த்தினார். "இஞ்ச அது எழும்பி நிக்கும், முதுகு இடப்பக்கம். கப்பலில இருக்கேக்க மாசா மாசம் இந்தக் கூத்தைப் பார்த்தனான். இனிப் படத்தைப் பாருங்கோ. எழுத்து நேரா இருக்கிறதால படம் இடம் வலம் மாறேல்லை."

படத்தில் பிறை நின்றுகொண்டிருந்தது. முதுகு இடப்பக்கம்.

"நீங்களே சொன்னீங்கள், மாசியில நிண்டு நீங்கள் பார்த்ததும் இதுவும் அச்சு அசல் எண்டு. அதுதான் இருக்கக் கூடாதது. இஞ்ச வளர்ந்த பிள்ளைக்கு நிலா எண்டா இப்பிடித்தான். வேற இடத்தில வேற மாதிரி நிக்கும் எண்டு அவவுக்கு ஆர் சொன்னது? அதால நேரத்தைச் சரியாப் பார்த்து, ஒரு ராத்திரி பொறுத்து அனுப்பினவ. நிலாவைப் பார்க்க மறந்திட்டா. உங்கட மகள் அமெரிக்கா போகேல்லை அம்மா. இஞ்ச ஆக்லாந்திலதான் இருக்கிறா."

மீனாட்சி அழுதாரா சிரித்தாரா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது. நிம்மதி ஒரு நொடிதான் தங்கியது. "அப்ப ஏன்? யார்கூட? எதுக்கு என்கிட்ட பொய் சொல்லணும்?"

"பாய்ஃபிரண்ட்!" என்றாள் அபர்ணா. ஐந்து நிமிடம் முடிந்திருந்தது.

"பாய்ஃபிரண்டுக்கு ஆரும் நொய்க் கஞ்சி காய்ச்சுவினமோ?" என்றார் ஆனந்தராசா. "நொய்க் கஞ்சியும் உப்பு நார்த்தங்காயும் எங்கட ஆக்கள் ஆருக்குக் குடுக்கிறது? நோயில கிடக்கிற வருத்தக்காரருக்கு. வாய் கசந்து, வேற ஒண்டும் இறங்காதவருக்கு. படத்தின்ர அடியில ஜன்னல் விளிம்பு தெரியுது. விளிம்புக்குக் கீழ இருந்து மேல பார்த்து எடுத்த படம். நிண்டவர் எடுக்கேல்லை, இருந்தவரும் எடுக்கேல்லை. படுக்கையில கிடக்கிறவர் எடுத்தது. விளக்கு பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் மாட்டினது."

அவர் குரல் இறங்கியது.

"இனி அந்தச் சைனாடவுன். அது பொய்யில்லை. கண்ணால பார்த்த ஒருவர் சொன்னதுதான். ஆனா எப்ப பார்த்தது? இந்தக் காலத்தில வீட்டுக்குக் கதைக்கிறதுக்கு ஆர் போன் கார்டு வாங்கக் கியூவில நிக்கிறது? அது பழைய சைனாடவுன். ஒருவர் படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, பிள்ளை கேட்டு, அந்தத் தமிழிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறா. அம்மா, இந்தக் கதையை நீங்கள் முதல்ல ஆரிட்டக் கேட்டனீங்கள்?"

மீனாட்சியின் உதடுகள் அசைந்தன. சுந்தரமூர்த்தி. ஆறு வருடமாக அவர் தன் வீட்டில் உச்சரிக்காத, கணவரின் பெயர் அது.

"கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம்" என்றார் கடைசியில். "அவருக்கு சான் பிரான்சிஸ்கோவில ஒரு வருஷ வேலை. எனக்கு விசா கிடைக்கல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சைனாடவுன் போய் கார்டு வாங்கிக் கூப்பிடுவார். சிங்கம், சந்து, பிஸ்கட்னு சொல்லிட்டே இருப்பார். ஒருநாள் உன்னைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லும்போது கார்டு முடிஞ்சு லைன் கட்டாயிடும்." அவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். "மதன். நீ எங்கடா விட்ட அவளை?"

மதன்குமார் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐம்பதை நெருங்கும் மனிதர் சிறு பிள்ளை போலத் தேம்பினார்.

"தகனினியிலக்கா. மாமா மூணு மாசம் முன்னாடி திரும்பி வந்துட்டார். கணையத்துல கேன்சர். இனி வைத்தியம் இல்லன்னு பிரிஸ்பேன்ல சொல்லிட்டாங்களாம். ஒரு ரூம் எடுத்துத் தனியாக் கெடந்தார். அவரைக் கண்டா வெட்டுவேன்னு சொன்னவன்தான் நான். நேர்ல பார்த்தா ஒரு பிடி எலும்பு. என் காலைப் பிடிச்சார்க்கா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினார், உன் மூஞ்சியில முழிக்க யோக்கியதை இல்லன்னு. ரஷ்மிகிட்ட மட்டும் சொன்னேன். ராப்பகலா பக்கத்துல ஆள் வேணும்னு நர்ஸ் சொன்னதும் அவதான் இந்த அமெரிக்காக் கதையைக் கட்டினா."

"போனை ஏன் அணைச்சா?"

"வெள்ளிக்கிழமையிலிருந்து ரொம்ப மோசம். அம்மாகிட்ட பொய் சொல்ல இனிமே தெம்பில்ல மாமான்னு அணைச்சுட்டா. இப்ப வந்தது அவர் போன்லேர்ந்து அவ பேசினதுதான். இன்னைக்கு ராத்திரி தாண்டாதுன்னு நர்ஸ் சொல்றாங்களாம். நீ பிளேன் ஏறிடுவியோன்னு..."

அபர்ணா கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் சில மணி நேரத்தில் இந்தப் பெண்மணி உலகத்தின் மறுகோடிக்குப் பறந்திருப்பார், தன் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பவர்களைத் தேடி.

"போறதும் போகாததும் உங்கட முடிவு அம்மா" என்றார் ஆனந்தராசா. "கோபப்பட உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கு. ஆனா இருட்டுறதுக்கு முதல் முடிவெடுங்கோ."

மீனாட்சி எழுந்தார். துப்பட்டாவைச் சரிசெய்தார். யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார்.

அபர்ணாதான் ஓட்டினாள். மதன்குமாரின் கை ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் நிலையில் இல்லை. தெற்கே போகும் மோட்டார்வேக்கு ஏறும் முன்னால் ஏர்போர்ட் அம்புக்குறி வந்தது. அபர்ணா கண்ணாடியில் பார்த்தாள். பின் இருக்கையில் மீனாட்சியும் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகை கடந்து போனது. போக்குவரத்து ஊர்ந்தது. ஆனந்தராசா அன்றைக்கு ஒருமுறைகூடத் தன் பக்கத்துப் பிரேக்கை மிதிக்கவில்லை.

தகனினியில் அந்தத் தெருவுக்கு நடைபாதை இன்னும் போடவில்லை. மழையில் ஊறிய கறுப்பு மண்ணில் பலகை போட்டு வழி செய்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கூரையோரம் சிவப்பு விளக்குகள் வரிசையாக ஆடின. மீனாட்சி அவற்றை அண்ணாந்து பார்த்தார். போறவங்க பத்திரமா வரணும் என்று நூடுல்ஸ் கடை அம்மா சொன்னது அபர்ணாவுக்கு ஞாபகம் வந்தது.

கதவைத் திறந்தது ரஷ்மி. மூன்று இரவு தூங்காத கண். அம்மாவைக் கண்டதும் அவள் வாயில் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. மீனாட்சி கை ஓங்கினார். ஓங்கிய கை மகளின் கன்னத்தில் போய் அப்படியே தங்கிவிட்டது. "சாப்பிட்டியாடி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

மற்றவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். திறந்த கதவு வழியாக ஜன்னலோரக் கட்டிலும், அதில் போர்வைக்கு மேல் ஒரு கையும் தெரிந்தன. கட்டிலருகே நார்த்தங்காய் பாட்டில், அடியில் கொஞ்சம் மீதி.

மீனாட்சி நின்றுகொண்டே இருந்தார். சுந்தரமூர்த்தி கண்ணைத் திறந்தார். முதலில் நம்பவில்லை போலிருந்தது. பிறகு பேசத் தொடங்கினார். மூச்சு ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று வந்தது.

"மீனா... ஒருநாள் உன்னை... சைனாடவுனுக்கு..." அவருக்கு இருமல் வந்தது. கை காற்றில் எதையோ தேடியது. "கார்டு முடியப்போகுது மீனா."

மீனாட்சி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முடியல" என்றார். "நீங்க பேசுங்க. நான் லைன்லதான் இருக்கேன்."